தட்டம்மையும் உடம்பின் ஞாபகமும்

[திரையில்: வட அட்லாண்டிக் வரைபடம், ஃபாரோ தீவுகள்]

வணக்கம். ஸ்காட்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் நடுவே, கடலில் ஃபாரோ என்று ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. 1846 மார்ச் கடைசியில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலில் வந்திறங்கிய ஒரு தச்சருக்குச் சில நாளிலேயே தட்டம்மை கண்டது. 65 வருடமாகத் தட்டம்மையே எட்டிப் பார்க்காத ஊர் அது. சில மாதங்களில், ஏறத்தாழ 7,800 பேரில் 6,000 பேருக்கு மேல் படுத்துவிட்டார்கள்.

டென்மார்க் அரசு அனுப்பிய இளம் மருத்துவர் பீட்டர் லுட்விக் பானும் ஊர் ஊராகப் போய் விசாரித்தார். 1781-இல் தட்டம்மை வந்து பிழைத்த முதியவர்கள் பலர் அப்போதும் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட இந்தமுறை வரவில்லை! அன்றைக்கு வராமல் தப்பித்த முதியவர்களையோ இப்போது விடவில்லை. ஆக, காத்தது வயதல்ல. 65 வருடம் அழியாத ஒரு ஞாபகம்.

[திரையில்: நிணநீர்க் கணுவின் உட்புறம், அனிமேஷன்]

அந்த ஞாபகம் எங்கே இருக்கிறது?

தோல், மூக்குச்சளி, வயிற்று அமிலம், இவையெல்லாம் வெளிக்காவல். இதைத் தாண்டி உள்ளே வரும் கிருமியை முதலில் விழுங்கப் பார்ப்பவை சில வகை வெள்ளணுக்கள். அவற்றில் ஒரு வகை, கிருமியின் துணுக்கை எடுத்துக்கொண்டு பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போகும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அந்த இடம்தான். அங்கே பி செல், டி செல் என்று எண்ணற்ற அணுக்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தை அடையாளம் காணப் பிறந்தது. வந்த துணுக்கோடு பொருந்துகிற அணு கிடைத்ததும், அது பெருகத் தொடங்குகிறது. முதல்முறை என்றால் இதற்குப் பல நாள் பிடிக்கும். நாம் காய்ச்சலில் கிடப்பது அந்த இடைவெளியில்தான்.

அப்புறம் பி செல்கள், கிருமியைப் பற்றி முடக்கும் ஆன்டிபாடி என்ற புரதங்களைச் சுரக்கின்றன. டி செல்கள் கிருமி புகுந்த அணுக்களையே தேடிக் கொல்கின்றன. தட்டம்மையில் உடம்பெங்கும் சிவக்கிறதே, அதுகூடத் தோலில் நடக்கும் இந்த வேட்டையின் தடம்தான். நோய் போன பிறகு பெரும்பாலான அணுக்கள் மடிந்துவிடும். கொஞ்சம் மட்டும் நினைவணுக்களாகத் தங்கும். ஆன்டிபாடி சுரக்கும் சில அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் பல்லாண்டு குடியிருக்கும். ஃபாரோ முதியவர்களைக் காத்தவை இவைதான்.

[திரையில்: நினைவணு ஒன்றில் ஒட்டும் வைரஸ்]

சரி, இனிதான் தட்டம்மையின் கொடுமை. மற்ற கிருமிகள் பல நம் காவலுக்குத் தப்பி ஒளியப் பார்க்கும். இந்த வைரஸ் நினைவணுக்களுக்குள்ளேயே புகுந்து அவற்றை அழிக்கிறது. தன்னைப் பற்றிய ஞாபகத்தைப் புதிதாக விட்டுவிட்டு, வேறு நோய்களைப் பற்றிய பழைய ஞாபகத்தைக் கலைத்துவிடுகிறது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை, தட்டம்மைக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளை வைத்து ஆராய்ந்தார்கள். அதுவரை சேர்த்து வைத்திருந்த பலவகை ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தது. அம்மை இறங்கிய பிள்ளை மாதக்கணக்கில் நிமோனியாவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் எளிதாக ஆளாவது இதனால்தான். “ஒருமுறை வந்து போகட்டும், எதிர்ப்புச் சக்தி கூடும்” என்று சொல்வதை என்னால் ஏற்கவே முடியாததும் இதனால்தான். கூடுவது ஒன்று, தொலைவது பல.

தடுப்பூசியில் இருப்பது வலுவிழந்த வைரஸ். அது ஞாபகத்தைத் தருகிறது, பழையதை அழிப்பதில்லை. அதே ஆய்வில் இதையும் பார்த்தார்கள்.

[திரையில்: தடுப்பூசி அட்டை]

நம் ஊரில் முதல் ஊசி 9 மாதம் முடிந்ததும் போடுகிறார்கள். அதற்கு முன் போட்டால், தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடிகள் ஊசியின் வைரஸையே முடக்கிவிடக்கூடும். 9 மாதத்தில் போட்டாலும் 100 குழந்தைகளில் சுமார் 85 பேருக்குத்தான் பாதுகாப்பு உண்டாகும். விடுபட்டவர்களுக்காகத்தான் 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது ஊசி. உங்கள் பிள்ளையின் அட்டையில் அந்த இரண்டாவது கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.