ஆயா வளர்த்த பிள்ளை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம். நேரம் குறைவு, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னப் பிள்ளை செழிப்பாக வளர்வது வீட்டிலா, பால்வாடியிலா? பால்வாடியில்தான் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய அண்ணன் ஒரு வரி சொல்லிக் கைதட்டல் வாங்கினார்: “ஆயா வளர்த்த பிள்ளை அம்மாவை மறந்துவிடும்.”

அண்ணே, ஆயா என்றால் யார்? எங்கள் வேலூர்ப் பக்கம் பாட்டிக்குப் பெயரே ஆயாதான். அம்மாவின் அக்கா பெரியம்மா, தங்கச்சி சின்னம்மா. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் முன்பின் தெரியாத பெண்ணும் நமக்கு அம்மாதான். பிள்ளை வளர்க்க ஒருத்தி போதாது என்று தெரிந்துதானே நம் ஆட்கள் இத்தனை பேரை அம்மா என்று கூப்பிட வைத்தார்கள்? அந்தப் பெரியம்மா இன்றைக்கு நூல் மில்லில். சின்னம்மா நூறு நாள் வேலையில். வீட்டில் பிள்ளையோடு மிச்சம் இருப்பது செல்போன்.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். என் மகளுக்கு இரண்டரை வயதில் ‘தா’, ‘வேணாம்’ இரண்டு வார்த்தைதான் வரும். என் மாமியார் முட்டிவலியோடு கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பின்னாலேயே நடப்பார். போனில் பாட்டு ஓடினால் வாய் திறக்கும், நின்றால் மூடிக்கொள்ளும்.

பால்வாடியில் சேர்த்தேன். மூன்று நாள் ஒரே அழுகை. நாலாம் நாள் மனசு கேட்காமல் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன். சம்மணம் போட்டு உட்கார்ந்து, தட்டை முன்னால் வைத்து, தன் கையால் சாப்பிடுகிறாள், நடுவர் அவர்களே! மறுபடியும் சொல்கிறேன், தன் கையால்! மாமியார் நடந்து, நான் கெஞ்சி, போன் பாடி இறங்காத சோறு, பக்கத்துப் பையனின் தட்டைப் பார்த்ததும் இறங்குகிறது. ஒரு மாதத்தில் ஆட்டத்தோடு பாட்டு. மாதா மாதம் எடை போடுவார்கள். எடை ஏறவில்லை என்று எனக்குச் சொன்னது டீச்சர். சத்துமாவை உருண்டை பிடித்துக் காட்டியது ஆயா. “மஞ்சள்கருதான் பிடிக்காது போல, தின்ன மாட்டேங்கிறா” என்றும் ஆயா சொன்னார். அதற்கு அப்புறம் வருகிறேன்.

இன்றைய பால்வாடிகளை நடத்துவது ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம். 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம் அது. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கு மேல் மையங்கள். அமெரிக்காவில் 1991-இல் பிறந்த 1,300-க்கும் அதிகமான பிள்ளைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். நல்ல காப்பகத்தில் இருந்தவர்களுக்குப் பேச்சுத்திறன் சற்றுக் கூடுதல். அதிக நேரம் காப்பகத்தில் இருந்தவர்களிடம் கொஞ்சம் முரண்டு தெரிந்தது. எதிரணி எடுத்து வீசும் முன் அதையும் நானே சொல்லிவிடுகிறேன். இரண்டையும் விடப் பெரிதாகத் தெரிந்தது வீட்டின் பங்கு. அதனால் வீட்டைப் பிடுங்க வந்த இடமாகப் பால்வாடியைப் பார்க்காதீர்கள். ஆனால் அந்த டீச்சரும் ஆயாவும் நல்லபடியாக இருக்க வேண்டும், அவர்கள் சம்பளமும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

சரி, மறந்துவிடும் என்றாரே அண்ணன், அதற்கு வருகிறேன். ஒரு நாள் ஓவர்டைம் முடிந்து வீடு வர ராத்திரி எட்டரை. பிள்ளை தூங்காமல் வாசப்படியில் உட்கார்ந்திருக்கிறாள். பாவாடை ஓரத்தில் ஒரு முடிச்சு. யார் கை வைத்தாலும் அவிழ்க்க விடவில்லையாம். நான் உட்கார்ந்ததும் அவளே அவிழ்த்தாள். நசுங்கி, பாவாடைத் துணியெல்லாம் அப்பிய மஞ்சள்கரு.

அதை என் வாயருகே நீட்டிக்கொண்டு கேட்டாள், நடுவர் அவர்களே:

“அம்மா, உனக்குக் கம்பெனியில முட்டை போட்டாங்களா?”