அம்மாவின் நடைக்கு ஏற்ற டெல்லி: காலாண்டு விடுமுறைக்கு எங்கள் திட்டம்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஊர் சுற்றும் வீடியோ இல்லை. தென்காசியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் பேசுகிறேன். முன்னால் ஒரு கோடு போட்ட நோட்டு, மாதக் காலண்டர், கிண்ணத்தில் கொஞ்சம் காராச்சேவு. காலாண்டு விடுமுறைக்குக் குடும்பத்தோடு டெல்லி போகிறோம். நான், வீட்டுக்காரர், ஆறாவது படிக்கும் பையன், யுகேஜி படிக்கும் பாப்பா, அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு 68 வயது, வலது முழங்காலில் தேய்மானம்.

செங்கோட்டை பார்க்க ரயிலில் இரண்டு நாள் போகவேண்டும் என்றதும் பாப்பா முழித்தாள். தென்காசிப் பிள்ளைக்குச் செங்கோட்டை என்றால் பக்கத்து ஊர்தானே! அம்மா கேட்பது டெல்லிச் செங்கோட்டை. ஒவ்வொரு ஆகஸ்ட் 15-ம் தேதியும் காலையில் குளித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, பிரதமர் அங்கே கொடியேற்றுவதைப் பார்ப்பவர். "அந்தச் செவுத்த ஒரு தடவ நேர்ல பாக்கணும்ட்டி" என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

2019-இல் ஒரு டிராவல்ஸ் மூலம் டெல்லி போய் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும். மே மாதம், 44 டிகிரி வெயில். ஒரே நாளில் ஏழு இடம் என்று அட்டவணை. வேன் நிற்கும், இருபது நிமிடம் என்பார்கள், இறங்கி ஓடி ஒரு போட்டோ, மறுபடி வேன். பையனுக்கு அப்போது ஐந்து வயது, மதியத்துக்குள் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான். அன்றைக்குத் திங்கட்கிழமை வேறு. செங்கோட்டைக்குத் திங்கள் விடுமுறை என்பது வாசலில் போய் நின்ற பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அட்டவணை போட்டவர்களுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால் இந்த முறை திட்டத்தை அம்மாவின் முழங்காலில் இருந்து தொடங்கினேன். காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம், மதியம் அறைக்கு வந்து தூக்கம். இவ்வளவுதான். குடும்பத்தில் யார் மெதுவாக நடப்பாரோ அவர் வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

முதலில் காலம். நம் பிள்ளைகளுக்கு மே மாதம்தான் நீண்ட விடுமுறை, டெல்லிக்கு அதுதான் மோசமான மாதம். அரையாண்டு விடுமுறையில் போகலாம் என்றால் டிசம்பர் கடைசியில் பனிமூட்டம், வடக்கே ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், காற்றிலும் புகை. செப்டம்பர் கடைசி எவ்வளவோ தேவலை. மழை விலகிக்கொண்டிருக்கும், தீபாவளியை ஒட்டி வரும் புகைமூட்டமும் தொடங்கியிருக்காது. நண்பகல் வெயில் மட்டும் இருக்கும், அதற்குத்தான் மதியத் தூக்கம்.

அடுத்தது ரயில். சென்னை போய் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம். ஆனால் அம்மாவையும் மூட்டைகளையும் வைத்துக்கொண்டு எழும்பூரில் இறங்கி, இரவு 10 மணி வரை காத்திருந்து சென்ட்ரலில் ஏற எனக்கு மனமில்லை. திருநெல்வேலியிலேயே ஏறினால் திருக்குறள் எக்ஸ்பிரஸ் நேராக டெல்லியின் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்தில் கொண்டுபோய் விடும். வாரத்தில் இரண்டு நாள்தான் அந்த வண்டி. 2024 நவம்பரில் இருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் தொடங்குகிறது, முன்பு 120 நாள். காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பில் வட்டம் போட்டுவிட்டேன். காலை 8 மணிக்கு வீட்டில் மூன்று போனும் தயாராக இருக்கும். அம்மாவுக்கு லோயர் பெர்த் கிடைத்தே ஆகவேண்டும்.

தங்குவது கரோல் பாக். மெட்ரோ நிலையம் பக்கம், நம் ஊர்ச் சாப்பாடும் கிடைக்கும். ரூம் கேட்கும்போது லிஃப்ட் உண்டா என்று கேளுங்கள். அங்கே பல ஹோட்டல்கள் குறுகலான கட்டடத்தில் மூன்று நான்கு மாடி. படத்தில் அறைதான் தெரியும், படிக்கட்டு தெரியாது.

இனி எந்தக் கிழமையில் என்ன என்று பார்ப்போம். செங்கோட்டை, அக்ஷர்தாம் கோவில், தாமரைக் கோவில், தேசிய அருங்காட்சியகம், ரயில் மியூசியம், இத்தனைக்கும் திங்கள் விடுமுறை. தாஜ்மஹாலுக்கும் டெல்லி மிருகக்காட்சிசாலைக்கும் வெள்ளி. குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை இரண்டும் எல்லா நாளும் உண்டு. எனவே திங்கட்கிழமைக்கு அந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டேன். குதுப் மினார் உயரம் ஏறக்குறைய 73 மீட்டர். 1981-இல் உள்ளே நெரிசலில் பலர் இறந்துபோனார்கள், அதன்பிறகு யாரையும் மேலே ஏற்றுவதில்லை. எனக்கு அதைவிட அங்கே நிற்கும் இரும்புத் தூண்தான் ஆச்சரியம். 1600 வருடமாக வெட்டவெளியில் நிற்கிறது, அரித்துப் போகவில்லை. இரும்பில் கலந்திருக்கும் பாஸ்பரஸ் மேலே ஒரு மெல்லிய படலமாகி அதைக் காக்கிறது என்கிறார்கள். பையனுக்கு இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

செங்கோட்டைக்குக் காலையில், திறந்த உடனே. லாகூர் வாசலில் நுழைந்து கடைவீதி தாண்டி, திவானே ஆம், திவானே காஸ் என்ற அரசவை மண்டபங்களைப் பார்த்துத் திரும்ப ஒரு கிலோமீட்டராவது நடக்கவேண்டும். தொல்லியல் துறையின் இடங்களில் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது. பெரியவர்களுக்கு ஆன்லைனில் எடுத்தால் வரிசையும் மிச்சம், சில ரூபாயும் மிச்சம். அங்கிருந்து சாந்தினி சௌக்கில் சைக்கிள் ரிக்ஷா. பகலில் அந்தத் தெருவில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை, அம்மா நிம்மதியாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். ஒன்று மட்டும் கவனம். சில வருடங்களில் தசரா இந்த விடுமுறையோடு சேர்ந்து வரும். அப்போது செங்கோட்டை மைதானத்தில் ராம்லீலா நடக்கும், மாலையில் அந்தப் பக்கமே கூட்டம் நெரியும்.

மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கு மட்டும். நானும் அம்மாவும் பாப்பாவும் அதில் ஏறுவோம், வீட்டுக்காரரும் பையனும் அடுத்த பெட்டியில். எந்த நிலையத்தில் இறங்குவது என்று ஏறும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். கூட்டத்தில் பிரிந்துவிட்டால் போனில் பேசக்கூட முடியாது, அவ்வளவு இரைச்சல். நிலையத்துக்கு நிலையம் பை சோதனையும் உண்டு. ஒரே ஒரு பை எடுத்துப் போனால் போதும்.

ஆக்ரா ஒரு முழு நாள். நிஜாமுதீனில் காலை 8 மணியை ஒட்டி கதிமான் எக்ஸ்பிரஸ், 100 நிமிடத்தில் ஆக்ரா. வெள்ளிக்கிழமை அந்த ரயிலும் ஓடாது. அக்ஷர்தாமை நான் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டேன். அழகான இடம்தான், ஆனால் போன், பை எல்லாம் வெளியே வைத்துவிட்டு வரிசையில் நின்று உள்ளே வெகுதூரம் நடக்கவேண்டும். அதற்குப் பதிலாக ஒரு மாலை ஆர்.கே. புரம் மலை மந்திர். குன்றின்மேல் சுவாமிநாத சுவாமி. "யாமிருக்க பயமேன்" என்று தமிழில் எழுதியிருப்பதை அவ்வளவு தூரத்தில் பார்க்கும்போது அம்மா முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். படி கொஞ்சம் உண்டு. முருகனுக்காக ஏறிவிடுவார்.

தேசியப் போர் நினைவகத்துக்கு மட்டும் நேரக்கணக்கு வைக்கவில்லை. இந்தியா கேட்டுக்குப் பக்கத்தில், 2019 பிப்ரவரி 25 அன்று திறந்தது, கட்டணம் இல்லை. வட்டச் சுவர்களில் கிரானைட் செங்கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வீரரின் பெயர். 25,000-க்கும் மேல் பெயர்கள். நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் மார்பளவுச் சிலையும் அங்கே இருக்கிறது. எங்கள் தெருக்காரர் ஒருவர் 1971 போரில் இறந்தார். அம்மாவுக்கு அண்ணன் முறை. அவர் பெயர் அந்தச் சுவரில் இருக்கவேண்டும். வீட்டில் யாரும் இதுவரை போய்ப் பார்த்ததில்லை.

அங்கே பெயர் தேடுவதற்குத் திரை வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் அல்லவா? ரெஜிமெண்ட் தெரிந்தால் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம் என்று போன வாரம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசவில்லை.

ஆனால் அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் காசி விஸ்வநாதர் கோவிலில் வெளிப்பிரகாரம் சுற்றுகிறார். முதல் நாள் ஒரு சுற்று, இப்போது மூன்று. நேற்று திரும்பி வர நேரமாகிவிட்டது. கோவிலில் இருந்து நேராக அந்த அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கிறார். இதோ, நோட்டுக்குள் வைத்திருக்கிறேன், கேமராவில் தெரிகிறதா? பள்ளிக்கூட நோட்டில் கிழித்த தாள். அந்த வீட்டு மதினி பெட்டியைத் திறந்து, பழைய கடிதத்தைப் பார்த்து எழுதிக் கொடுத்தது. பெயர், படை எண், ரெஜிமெண்ட். கீழே தனியாக ஒரு வரி: "தொட்டுக் கும்பிட்டுட்டு வா."