டியூப்லைட்ட அணைச்சிட்டு இந்த வீடியோவ பாருங்க! 2,000 ரூபாய்க்குள்ள ஒரு மலை வீட்டு பெட்ரூம்

[காட்சி: இருட்டு அறை. ஒரு கையில வர்க்கி (ஊட்டி பேக்கரி பலகாரம்), இன்னொரு கையில செல்போன் டார்ச்.]

பெட்ரூம் அலங்காரம்னு தலைப்பு போட்டுட்டு இவ எதுக்கு வர்க்கியோட உட்கார்ந்திருக்கான்னு பாக்குறீங்க. ஒரு நிமிஷம் பொறுங்க.

டார்ச்ச நேரா வர்க்கி மூஞ்சில அடிக்கிறேன். என்ன தெரியுது? பழுப்பா ஒரு உருண்டை. பன்னுன்னு சொன்னாலும் நம்பிடுவீங்க. இப்ப அதே டார்ச்ச மேஜையோட ஒட்டி, பக்கவாட்டுல கொண்டு வர்றேன். தம்பி, கேமராவ கிட்ட கொண்டு வா. இன்னும் கிட்ட. பாத்தீங்களா! ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியா எழுந்து நிக்குது. ஓரத்துல உதிரப் போற அந்தத் துணுக்கு கூட தெரியுது.

வர்க்கி மாறல. வெளிச்சம் வர்ற பக்கம்தான் மாறுச்சு.

என் பெட்ரூமோட மொத்த ரகசியமும் இதான். வேலை இருக்கிறவங்க இப்பவே கிளம்பலாம். கிளம்புறதுக்கு முன்னாடி லைக் பட்டன மட்டும் ஒரு தட்டு தட்டிட்டுப் போங்க.

[காட்சி: விளக்கு எரியுது. பத்துக்குப் பத்து அறை, ஒரு ஜன்னல்.]

வணக்கம் மக்களே. கோத்தகிரியில வாடகை வீடு. கிட்டத்தட்ட 6,000 அடி உயரம், வெளிய பூரா பனிமூட்டம். வீட்டுக்காரம்மா போட்ட ஒரே கண்டிஷன், சுவத்துல புது ஆணி அடிக்கக் கூடாது. ஏற்கெனவே காலண்டர் மாட்டுன ஆணி ரெண்டு இருக்கு, அதுதான் என் சொத்து.

இந்த ரூமுக்கு வந்த புதுசுல நானும் எல்லார மாதிரியும் வீடியோ பாத்து கயிறு பின்னி மாட்டுனேன், சாக்குல உறை தச்சேன். எல்லாம் பண்ணியும் ரூம் என்னவோ ரேஷன் கடை குடோன் மாதிரியேதான் இருந்துச்சு. ஏன்னு புரியவே மூணு மாசம் ஆச்சு.

சொரசொரப்புன்னு நாம பாக்குறது உண்மையில நிழல். மேடு ஒரு குட்டி நிழல பள்ளத்துல போடும், அந்த நிழலத்தான் கண்ணு பிடிக்குது. நிழல் இல்லன்னா சாக்கும் ஒண்ணுதான், பழுப்புக் கலர் பேப்பரும் ஒண்ணுதான். கீழ சமவெளியில காலையில வெயில் ஜன்னல் வழியா சாய்வா வந்து விழும், சுவரு பூரா தானா உயிரோட இருக்கும். நம்ம ஊர்ல? மூட்டத்துல இருக்கிற தண்ணித்துளி ஒவ்வொண்ணும் வெளிச்சத்த சிதறடிக்குது. மேல, கீழ, எல்லாப் பக்கமும் இருந்து ஒரே அளவா வெளிச்சம் வருது. போட்டோ ஸ்டூடியோவுல முகத்துல நிழல் விழாம இருக்க குடை மாட்டி வைப்பாங்கல்ல, அந்தக் குடைக்குள்ளதான் நாம குடியிருக்கோம்! முகத்துக்கு நல்லது. சாக்குக்கு ஆகாது. ராத்திரி ஆனா டியூப்லைட்டு, அதுவும் மேல இருந்து பொதபொதன்னு ஊத்துது.

அதனால முதல் செலவு விளக்கு. ஹோல்டர், வயர், சுவிட்ச், 5 வாட்ஸ் எல்இடி பல்பு எல்லாம் சேர்த்து எனக்கு 310 ரூபாய். பல்பு அட்டையில 2700 கெல்வின்னு போட்டிருக்கும், கடையில 'வார்ம் ஒயிட்'னு கேளுங்க. 6500 போட்டது வேண்டாம், அது ஆஸ்பத்திரி வெளிச்சம். இத சீலிங்ல மாட்டாதீங்க. சுவத்துக்கு ஒரு சாண் தள்ளி, தரையிலயோ ஸ்டூல் மேலயோ வச்சு, வெளிச்சம் சுவர உரசிக்கிட்டுப் போற மாதிரி திருப்புங்க. வயரிங் தெரியலன்னா எலக்ட்ரீசியன் அண்ணன கூப்பிடுங்க, வீரம் காட்ட வேண்டாம்.

[காட்சி: சுவத்துல சாஞ்சிருக்கிற புட்டிப் பலகை. விளக்கு அணைஞ்சு எரியுது.]

இது பழைய பிளைவுட் துண்டு. மேல வால் புட்டி பூசி, ஈரமா இருக்கும்போதே தலைவாரும் சீப்பால அரைவட்டமா இழுத்தேன். ரெண்டும் சேர்த்து 190 ரூபாய். அட்டையில பண்ணாதீங்க, புட்டி காயும்போது அப்பளம் மாதிரி வளைஞ்சுக்கும். எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. அவ்வளவுதான், அடுத்தது.

கோணிச்சாக்கு. நம்ம மலை உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போற சாக்குதான், பழசு ரெண்டு 80 ரூபாய்க்குக் கிடைச்சுது. புதுச் சாக்குல ஒரு மண்ணெண்ணெய் வாடை வரும், கவனிச்சிருக்கீங்களா? சணல் நார மில்லுல மெதுவாக்க எண்ணெய் விடுவாங்க, அந்த வாடைதான். சுடுதண்ணி, சோப்புத்தூள், ரெண்டு நாள் வெயில். ரெண்டு நாள் வெயில் எங்க கிடைக்கும்னு கமெண்ட்ல கேப்பீங்க, நானும் அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்.

சாக்குல ஒரு விஷயம் என்னை அசர வச்சுது. சணல் காத்துல இருக்கிற ஈரத்த உறிஞ்சும்னு எல்லாருக்கும் தெரியும். எவ்வளவுன்னு தெரியுமா? துணி சோதனைக்கூடத்துல வச்சிருக்கிற கணக்குப்படி, நல்லா காஞ்ச 1 கிலோ சணல், 65 சதவீத ஈரப்பதத்துல, சுமார் 137 கிராம் தண்ணிய உள்ள வச்சிருக்கும். பருத்தின்னா 85 கிராம். பாலியெஸ்டர் வெறும் 4 கிராம். தொட்டுப் பாத்தா சாக்கு காஞ்ச மாதிரிதான் இருக்கும், ஆனா உள்ள கிட்டத்தட்ட ஒரு டம்ளர் தண்ணி! இதுவும் 65 சதவீதத்துக்கான கணக்கு. ஐப்பசி மழையில நம்ம ரூம்ல என்ன இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. இந்த டம்ளர் தண்ணி விஷயத்த ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வருது.

[காட்சி: கட்டில் மேல ஆறேழு பழைய ஸ்வெட்டர்.]

இப்ப எனக்குப் பிடிச்ச பகுதி. இங்க கொஞ்சம் ஜாஸ்தி பேசுவேன், மன்னிச்சுக்கங்க.

நீலகிரியில ஸ்வெட்டர் இல்லாத வீடு கிடையாது. அலமாரியில போட முடியாத, தூக்கிப் போட மனசு வராத ஸ்வெட்டர் குறைஞ்சது மூணு இருக்கும். அத வெட்டி தலகாணி உறை தைக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க. வெட்டிப் பாருங்க, ஒரு நூல் பிரிஞ்சா போச்சு, சேமியா மாதிரி உருவிக்கிட்டே வரும்.

இதுக்கு வழி எங்க அம்மா கண்டுபிடிச்சாங்க. கண்டுபிடிச்சாங்கன்னா, தெரியாம. நாங்க சின்னப் பிள்ளையா இருக்கும்போது அப்பாவோட நல்ல கம்பளி ஸ்வெட்டர கொதிக்கிற தண்ணியில ஊறப்போட்டு, துவைக்கிற கல்லுல நாலு அடி அடிச்சிட்டாங்க. எடுத்துப் பாத்தா, அது இதோ கேமரா புடிச்சிருக்கிற இவன் சைசுக்கு ஆயிருச்சு. அப்ப இவனுக்கு ஆறு வயசு. அப்பா ஒரு வாரம் பேசல. இவன் ரெண்டு வருஷம் போட்டான்.

[பின்னாலிருந்து குரல்: அக்கா, அது குத்தும்க்கா.]

குத்தும், ஆமா. ஆனா ஏன் சுருங்குச்சு? ஆட்டு ரோமம் வழவழன்னு இருக்காது. மீன் செதில் மாதிரி மேல பூரா குட்டிக் குட்டி செதில் உண்டு. சுடுதண்ணியும் சோப்பும் பட்டா செதில் விரியும். அந்த நேரத்துல கசக்குனா, அடிச்சா, ஒரு இழையோட செதில் பக்கத்து இழைய கவ்விக்கும். கவ்வுனது கவ்வுனதுதான், திரும்பப் பிரியாது. பின்னல் மறைஞ்சு தடிமனா ஒரே கம்பளித் தகடா ஆயிடும். இப்ப கத்திரி போட்டு எப்படி வேணா வெட்டுங்க, ஒரு நூல் பிரியாது. ஓரம் மடிச்சு தைக்கக் கூட வேண்டாம்!

ஆனா எல்லா ஸ்வெட்டரும் இப்படி ஆகாது. பாதிக்கு மேல அக்ரிலிக், அது ஒரு வகை பிளாஸ்டிக். எத்தனை மணி நேரம் கொதிக்க வச்சாலும் அப்படியே சிரிச்சுக்கிட்டு வெளிய வரும். கடைக்காரர் 'பியூர் வுல்லன்'னு சத்தியமே பண்ணுவார். நம்பாதீங்க. உள்தையல்ல இருந்து ஒரு விரல் நீள நூல் எடுங்க. தண்ணி ஊத்துன எவர்சில்வர் தட்டுக்கு மேல இடுக்கியால புடிச்சு நுனியில நெருப்பு காட்டுங்க.

[காட்சி: நெருக்கத்துல, நூல் நுனி பொசுங்குது.]

இது முதல் ஸ்வெட்டர். சுருண்டு பொசுங்குது, வாடை உங்களுக்கு வராது, நான் சொல்றேன்: அடுப்புக்கிட்ட குனியும்போது முன்முடி பொசுங்குமே, அச்சு அசல் அந்த வாடை. தொட்டா சாம்பல் பொடிஞ்சு போகுது. இதுதான் கம்பளி. ரோமமும் நம்ம முடியும் ஒரே சரக்கு, கெரட்டின்.

இது ரெண்டாவது. உருகுது பாருங்க. ஆறுனதும் கறுப்பா, கல்லு மாதிரி ஒரு மணி. அக்ரிலிக். இத வாஷிங் மெஷின்ல போட்டு சுருக்கப் பாக்குறது வேஸ்ட். 'சூப்பர்வாஷ்'னு லேபிள் இருந்தாலும் சுருங்காது, அதுல செதில முன்னாடியே மழுக்கி விட்டிருப்பாங்க.

பழைய துணி விக்கிற அண்ணன்கிட்ட 200 ரூபாய்க்கு ரெண்டு கம்பளி ஸ்வெட்டர் பொறுக்கி, அம்மா வழியில சுருக்குனேன். உள்ள திணிக்க 150 ரூபாய்க்குப் பஞ்சு. கை ரெண்டையும் வெட்டி சுடுதண்ணிப் பை உறை, உடம்புல தலகாணி உறை, மிச்சத்துண்டு டம்ளர் வைக்கிற வட்டம். விளக்க பக்கத்துல வச்சா, மேல எழும்பி நிக்கிற ரோமம் ஒவ்வொண்ணும் ஓரத்துல மின்னுது. பூனை படுத்திருக்கிற மாதிரி இருக்கு. பூனை உண்மையிலயே வந்து படுத்துக்குச்சுன்னா நான் பொறுப்பில்ல.

[காட்சி: வெள்ளைத் துணியில சிவப்பு, கறுப்பு வேலைப்பாடு. ஒரு உள்ளங்கை அளவு.]

இப்ப கொஞ்சம் பவ்யமா பேசுவோம். இது தோடர் பூ வேலை. தோடர்னா நீலகிரிப் பழங்குடி மக்கள், அவங்க பெண்கள் மந்துல, அதாவது அவங்க குடியிருப்புல, உட்கார்ந்து கையால போடுறது. இந்த வேலை செஞ்ச போர்வைக்கு பூத்துக்குளின்னு பேரு, இந்தப் பூ வேலைக்கு 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சது. துணியில பென்சில் கோடு கிடையாது, துணிய இழுத்துப் பிடிக்கிற சட்டம் கிடையாது. நெசவுல இருக்கிற நூல எண்ணி எண்ணி ஊசி போகும். எண்ணிக்கைதான் டிசைன்.

கிட்ட பாருங்க. சிவப்பு நூல் அங்கங்க குட்டியா துருத்திக்கிட்டு நிக்குதா? ஒவ்வொரு வரி முடிஞ்சு திரும்பும்போதும் நூல இறுக்கி இழுக்காம ஒரு பொட்டு தளர்வா விடுவாங்க. அதனாலதான் தடவுனா மேடு தட்டுது. நாம பின்பக்கம்னு நினைக்கிற அந்த சொரசொரப்புப் பக்கத்தத்தான் தோடர்கள் முன்பக்கம்னு வச்சிருக்காங்க! இது தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு சிரிப்பும் வந்துச்சு, வெட்கமும் வந்துச்சு. நான் ஒரு வருஷமா தலைகீழா மாட்டி வச்சிருந்தேன்.

போர்வை வாங்க நம்ம பட்ஜெட் தாங்காது, ஆயிரக்கணக்குல ஆகும், ஆகத்தான் வேணும், வாரக்கணக்கா கண்ண வச்சு எண்ணுற வேலை. நான் வாங்குனது 450 ரூபாய்க்கு ஒரு சின்ன பை. அதப் பிரிச்சு, பழைய போட்டோ சட்டத்துல கண்ணாடி இல்லாம மாட்டியிருக்கேன். கண்ணாடி போட்டா மேடு தெரியாது. இதையே 'நீங்களே செய்யலாம்'னு பிரிண்ட் அடிச்சும் ஒட்டியும் வீடியோ போடுறாங்க, அது எனக்குப் பிடிக்கல. மத்த எல்லாத்தையும் நாமளே செய்வோம், இத அவங்ககிட்ட வாங்குவோம். வாங்கும்போது திருப்பிப் பாத்து விரலால தடவுங்க. வழவழன்னு இருந்தா அது பிரிண்ட்.

உண்ணிச்செடி பத்தி கேட்டிருந்தீங்க. அலங்காரத்துக்குன்னு வெள்ளக்காரங்க காலத்துல வந்த செடி, இப்ப முதுமலைப் பக்கம் காட்டையே அடைச்சுக்கிட்டு நிக்குது. குச்சிய வேக வச்சு, தோல் உரிச்சு, சூட்டோட வளைச்சு நாற்காலி செய்றாங்க. லண்டன் பூங்காவுல 2021-ல நின்ன ஆளுயர, யானையுயர யானைங்கள்லாம் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்கள் இந்தக் குச்சியில செஞ்சதுதான். அது தனி வீடியோ.

[காட்சி: கயிறு பின்னல். பின்பக்கம் திருப்பினா கறுப்புப் புள்ளி.]

கடைசியா என் மானம் போன கதை. பருத்திக் கயிறு 350 ரூபாய். ஒரு கணக்கு சொல்றேன், பின்னல் எவ்வளவு நீளம் வேணுமோ அதைப் போல எட்டு மடங்கு வெட்டுங்க, ரெண்டா மடிச்சு குச்சியில கோத்தா சரியா வரும். நல்லாத்தான் பின்னினேன். போன கார்த்திகையில வெளிச்சுவத்துல ஒட்டி மாட்டினேன். நமக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. மூணு வாரம் கழிச்சு மக்கின வாடை. பின்னாடி பாத்தா பூரா பூசணம்.

காரணம் அந்த டம்ளர் தண்ணிதான், சணல் அளவுக்கு இல்லன்னாலும் பருத்திக் கயிறும் ஈரத்த உறிஞ்சும். வெளிச்சுவரு சில்லுன்னு இருக்கும், ரூம்ல நாம விடுற மூச்சு, காயப்போட்ட துணி, எல்லா ஈரமும் அதுல போய் படியும். ஒட்டி மாட்டுனா காத்து போக வழியில்ல. இப்ப உள்சுவத்துக்கு மாத்திட்டேன். குச்சியோட பின்பக்கம் பாட்டில் மூடி நாலு அடுக்கா ஒட்டி, ஒரு விரல் இடைவெளி விட்டிருக்கேன். இதுல இன்னொரு லாபம், கயிறு தள்ளி நிக்கிறதால அதோட நிழல் தனியா சுவத்துல விழுது. 350 ரூபாய்க்கு ரெண்டு பின்னல்!

மொத்தம் 1,730 ரூபாய். தம்பி, இப்ப டியூப்லைட்ட அணை.

[காட்சி: கீழ் விளக்கு மட்டும். சுவத்துல சீப்புக் கோடு, கயிறு நிழல், கட்டில்ல கம்பளித் தலகாணி. பத்து விநாடி யாரும் பேசல. கதவு தட்டுற சத்தம்.]

எதிர்வீட்டுத் தாத்தா. "பாப்பா, உங்களுக்கும் கரண்ட் போயிருச்சா?"

இல்ல தாத்தா, உள்ள வாங்க, வர்க்கி இருக்கு. மக்களே, ஐப்பசி முடிஞ்சதும் இதே கயிற திருப்பிக் காட்டுறேன். பூசணம் வந்திருந்தா அதையும் மறைக்காம போடுறேன். உங்க வீட்டுல எந்தச் சுவரு ஓதம் அடிக்குதுன்னு கமெண்ட்ல சொல்லுங்க.