அந்த ஏணியில மூணாவது படி இல்ல

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் இந்த வாசகர் வட்டத்துத் தம்பி ஒருத்தர் ஃபோன் பண்ணி, அண்ணே ஆகஸ்ட் 15க்கு நீங்கதான் வந்து பேசணும்னு கூப்பிட்டார், கூப்பிட்டுட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தார், அப்புறம் அவரே, "உண்மையச் சொல்லட்டுமாண்ணே, இந்த வருஷம் கொடியேத்துற இடத்துக்குப் போகவே எனக்கு மனசு வரல, நியூஸ் பாத்தாலே வெறுத்துப் போகுது, எதைக் கொண்டாடுறது?"ன்னு கேட்டார். நான் உடனே பதில் சொல்லல. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஜனங்க குடிக்கிற தண்ணித் தொட்டியில மலத்தைக் கலந்தது நம்ம மாநிலத்துலதான், வேங்கைவயல், 2022 டிசம்பர். அதை மனசுல வெச்சுக்கிட்டு சட்டையில கொடி குத்திக்கிட்டு சிரிக்க முடியாதுதான்.

ஆனா அந்தத் தம்பி கேட்டதுல ஒரு வார்த்தை என்னை விடவே இல்ல, "கொண்டாடுறது". சுதந்திர தினம்னா கொண்டாட்டம்னு யார் சொன்னது?

நம்ம நாட்டோட முதல் சுதந்திர தினம் 1947 இல்லைங்க. 1930 ஜனவரி 26. 1929 டிசம்பர்ல லாகூர்ல காங்கிரஸ் மாநாடு, பூரண சுயராஜ்யம்தான் வேணும்னு தீர்மானம் போடுறாங்க, டிசம்பர் 31 ராத்திரி ராவி ஆத்தங்கரையில கொடி ஏத்துறாங்க, ஜனவரி 26ஐ நாடு முழுக்க சுதந்திர தினமா வைக்கணும்னு முடிவு பண்றாங்க. அப்போ வெள்ளக்காரன் கிளம்பிப் போற மாதிரி எந்த அறிகுறியும் கிடையாது, இன்னும் 17 வருஷம் கெடக்கு. கையில ஒண்ணுமே இல்லாம ஒரு நாடு சுதந்திர தினம் வெச்சிருக்கு! அன்னிக்கு ஊர் ஊரா கூடி என்ன பண்ணாங்கன்னா ஒரு உறுதிமொழியைப் படிச்சாங்க. அதைத் தேடி எடுத்துப் படிச்சுப் பாருங்க. நம்ம நாடு பொன் விளையுற பூமின்னு ஒரு வரிகூட இருக்காது. விவசாயி கட்டுற நிலவரி, ஏழை தலையில விழுற உப்பு வரி, கையால நூல் நூத்து பிழைச்சவங்க பிழைப்பு போனது, இதையெல்லாம் ஒண்ணொண்ணா எடுத்துச் சொல்லுவாங்க. மொத்தத்துல அது புகார்ப் பட்டியல்தான். நாடு நல்லா இல்லைன்னு நாலு பேருக்கு முன்னாடி வாய்விட்டுச் சொல்லத்தான் முதல் சுதந்திர தினத்துக்கு ஜனங்க கூடுனாங்க. அந்தத் தேதியை மறக்கக் கூடாதுன்னுதான் 20 வருஷம் கழிச்சு அதே ஜனவரி 26ல அரசியல் சட்டத்தை அமலுக்குக் கொண்டு வந்தாங்க.

1932ல பாருங்க, ஜனவரி 10, திருப்பூர்ல கொடி பிடிச்சு ஊர்வலம் போன குமரனை அடிச்சே சாய்ச்சாங்க, மறுநாள் உயிர் போச்சு, 27 வயசு. அது நடந்து ரெண்டு வாரம்தான் ஆகுது, அதே ஜனவரி 26ல பாஷ்யம்னு ஒரு இளைஞர் சென்னைக் கோட்டைக் கம்பத்துலயே ஏறி நம்ம கொடியைக் கட்டிட்டாரு. மனசு விட்டுப் போறதுக்கு அவங்களுக்கு நம்மள விட ஆயிரம் காரணம் இருந்துச்சு. எமர்ஜென்சி நேரத்துல 1975 ஆகஸ்ட் 15 வந்தப்பவும் அப்படித்தான், தலைவர்கள் ஜெயில்ல, பேப்பர்காரங்க தணிக்கைக்குக் காட்டித்தான் அச்சடிக்கணும், அப்பவும் அந்த நாள் வந்துட்டுத்தான் போச்சு.

இப்ப நம்ம கதைக்கு வர்றேன். 2020 ஆகஸ்ட் 15, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம். ஊராட்சித் தலைவர் பட்டியலினத்தைச் சேர்ந்த ஒரு அம்மா. கொடியேத்த வாங்கன்னு கூப்பிட்டு, கடைசி நேரத்துல வேணாம்னு தடுத்துட்டாங்க. ஓட்டுப் போட்டு ஜெயிச்ச தலைவர், ஆனா அந்தக் கயித்தைப் பிடிச்சு இழுக்கக் கூடாதாம். விஷயம் வெளியில வந்துச்சு, பெரிய பேச்சாச்சு, ஆகஸ்ட் 20ஆம் தேதி கலெக்டர் வந்து நிக்க அந்த அம்மாவே கொடி ஏத்துனாங்க. என்னைக் கேட்டா அந்த வருஷத்தோட சுதந்திர தினம் 20ஆம் தேதிதான். செங்கோட்டைப் பேச்சு ஒண்ணுகூட எனக்கு ஞாபகம் இல்ல, அந்தம்மா கயித்தை இழுக்குற போட்டோ மட்டும் அப்படியே கண்ணுல நிக்குது. இந்த நாடு எனக்குக் கடன்பட்டிருக்கு, அதை வாங்காம விடமாட்டேன்னு ஒருத்தங்க நிக்கிறாங்க பாருங்க, அதுக்கு தேசபக்தின்னு பேரு வெக்க எனக்குக் கொஞ்சம்கூட தயக்கம் இல்ல.

சரி, நாம என்ன பண்றது? ஆகஸ்ட் 15 காலையில கொடியேத்தம் முடிஞ்சதும் நம்ம ஊராட்சியில கிராம சபை நடக்கும். ஜனவரி 26, மே 1, அக்டோபர் 2லயும் நடக்கும். இது யாரோ மனசு வெச்சு நடத்துற கூட்டம் இல்ல, அரசியல் சட்டத்துல 73வது திருத்தத்துல வந்தது, 1993 ஏப்ரல் 24ல இருந்து அமல்ல இருக்கு. அந்த ஊராட்சி ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்குற ஒவ்வொருத்தரும் அதுல மெம்பர். இதை நல்லா மனசுல வாங்கிக்கணும், சட்டசபையைக் கலைக்கலாம், ஊராட்சித் தலைவர் பதவிக்காலம் முடிஞ்சு தனி அலுவலர் வந்து உக்காரலாம், கிராம சபைய யாராலயும் கலைக்க முடியாது, ஏன்னா அது நாமதான். ஒடிசாவுல நியமகிரி மலையைத் தோண்டி பாக்சைட் எடுக்க ஒரு பெரிய கம்பெனி வந்தப்ப, சுப்ரீம் கோர்ட் 2013ல கிராம சபைகிட்டயே கேளுங்கன்னு சொல்லிடுச்சு, 12 கிராம சபை கூடுச்சு, 12லயும் முடியாதுன்னுட்டாங்க. மலை அப்படியே இருக்கு.

எங்க ஊர்ல நான் பாத்ததைச் சொல்றேன். ஒரு ஆகஸ்ட் 15, மரத்தடியில சேர் போட்டிருக்கு, முப்பது நாப்பது பேர், வந்தவங்க வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டுட்டு மிட்டாயை வாங்கிட்டுக் கிளம்பிட்டே இருக்காங்க, கூட்டத்தைக் கவனிக்க அதிகாரிங்க அனுப்புன பற்றாளர் வரவு செலவை மளமளன்னு படிக்கிறார். தண்ணித் தொட்டி மாசம் தவறாம கழுவியிருக்குன்னு வாசிச்சார். நூறு நாள் வேலைக்குப் போற ஒரு அக்கா ரெண்டாவது வரிசையில இருந்து எந்திரிச்சாங்க. "ஐயா, தொட்டித் தூண்ல கழுவின தேதி பெயிண்ட்ல எழுதியிருக்கு, சரி. ஆனா அந்த ஏணியில மூணாவது படி இல்ல, அதுக்கு மேல ரெண்டு படி துருப்பிடிச்சுத் தொங்குது. எப்படி ஏறிக் கழுவுனாங்க?"

கிளம்பினவங்க நின்னுட்டாங்க. மிட்டாய் வாங்குன புள்ளைங்ககூட திரும்பிப் பாத்துச்சுங்க. ஊராட்சிச் செயலர் ஏதோ சமாளிச்சார், பாக்குறோம்மா, சொல்றோம்மான்னார். அக்கா உக்காரல. "பாக்குறோம்னு வேணாம், தீர்மானத்துல எழுதுங்க, எழுதி வாசிச்சுக் காட்டுங்க, அப்புறம் கையெழுத்துப் போடுறேன்." எழுதுனாங்க. நான் கூட்டத்துல நின்னுட்டு இருந்தேன், நானும் தினம் அந்தத் தொட்டியைத் தாண்டித்தான் போறேன், ஒரு நாளும் அண்ணாந்து பாக்கல. அன்னிக்கு வெக்கமா இருந்துச்சு எனக்கு, சந்தோஷமாவும் இருந்துச்சு.

அதனால தம்பிங்களுக்கு, தங்கச்சிங்களுக்குக் கேட்டுக்குறது இதான். வெறும் நோட்டுல முதல்ல கையெழுத்துப் போடாதீங்க, தீர்மானம் எழுதி முடிக்கட்டும், வாசிக்கச் சொல்லுங்க. தீர்மான நகல் தர மாட்டேன்னா பத்து ரூபாய் கட்டி ஆர்டிஐ, அதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க, 30 நாள்ல பதில் சொல்லியாகணும். பத்து கேள்வி கொண்டு போகாதீங்க, ஒண்ணு போதும், நேர்ல போய்ப் பாத்துட்டு வந்து கேக்குற ஒண்ணு. ஒரே தடவையில நடந்துடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த ஏணிக்கே மூணு கிராம சபை ஆச்சு, ஒவ்வொரு தடவையும் அந்த அக்கா அதே ரெண்டாவது வரிசையில போய் உக்காந்து, போன தீர்மானம் என்னாச்சுன்னு கேட்டாங்க.

இந்தப் பேச்சுக்கு வர்றதுக்கு முன்னாடி அவங்களைப் பாத்துட்டுத்தான் வந்தேன். ஏணி புதுசா போட்டாச்சு. அவங்க மகனை ஏறிப் பாத்துட்டு வரச் சொல்லியிருக்காங்க, மேல தொட்டிக்கு மூடி இல்லையாம். அக்டோபர் 2க்கு எழுதி வெச்சிருக்காங்க.