மோட்டரை நிறுத்திவிட்டு மிதித்துப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே.

மின் சைக்கிள் பற்றிப் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். மின் சைக்கிளில் பல வகை உண்டு. நான் பேசப்போவது நெதர்லாந்தில் பள்ளிப் பிள்ளை முதல் பாட்டி வரை அன்றாடம் ஓட்டுகிற, நிமிர்ந்து இருந்து மிதிக்கும் நகரச் சைக்கிள் பற்றி. அதிலே மோட்டரும் பற்றரியும் பூட்டியிருக்கும். அங்கே குடியிருக்கும் என் தம்பி குடும்பம் தங்கள் வீட்டுச் சாமான்களோடு அப்படி ஒன்றை அனுப்பியது. நான் விஞ்ஞானம் படிப்பித்தவள். ஓய்வு பெற்ற பிறகு திருகோணமலை உவர்மலையிலிருந்து சந்தைக்கும் வங்கிக்கும் கோயிலுக்கும் இதில்தான் போய்வருகிறேன்.

வழியில் மறித்து விசாரிக்கிறவர்கள் கேட்பது இரண்டு கேள்வி. என்ன வேகம் போகும்? ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம்? கேட்க வேண்டிய கேள்விகள்தான், பதிலும் சொல்கிறேன். ஆனால் வாங்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டியது வேறு. மோட்டரை நிறுத்திவிட்டு ஒரு சந்தியிலிருந்து மறு சந்தி வரை மிதித்துப் பாருங்கள். அப்படியும் அது நல்ல சைக்கிளாக இருந்தால் மட்டும் விலை பேசுங்கள். பற்றரி என்றைக்கும் புதிதாக இருக்காது. மோட்டர் ஒருநாள் மக்கர் பண்ணும். அன்றைக்கும் வீட்டுக்கு வந்து சேர வேண்டும் அல்லவா?

ஒல்லாந்துச் சைக்கிள் இந்தச் சோதனையில் தேறுவதற்கு அதன் உடம்புதான் காரணம். பலதில் முன்னால் குறுக்குக் கம்பி கிடையாது. காலைத் தூக்கிப் போடாமல் நடுவால் ஏறி இருக்கலாம். சேலை கட்டுகிற ஆசிரியைக்கும் அபாயா அணிகிற சகோதரிக்கும் முழங்கால் வலிக்கிற என் வயதுக்காரருக்கும் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. பின் சில்லின் இரண்டு பக்கத்தையும் ஒரு துணியோ பிளாஸ்டிக் தட்டோ மூடியிருக்கும். அங்கே நீளமான கோட்டும் பாவாடையும் கம்பிகளுக்குள் போகாமல் இருக்க வைத்தது. இங்கே அது முந்தானையைக் காக்கிறது. முந்தானை சில்லில் சுற்றி விழுந்தவர்கள் எங்கள் ஊரில் எத்தனையோ பேர். பெண்பிள்ளைக்குச் சைக்கிள் வாங்குகிற பெற்றோர் மோட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தத் தட்டு இருக்கிறதா என்று பாருங்கள். தயவுசெய்து பாருங்கள்.

அப்புறம் செயின். முழுச் செயினும் ஒரு உறைக்குள்ளே ஓடுகிறது. உப்புவெளியிலோ டச்சுக் குடாப் பக்கமோ சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கடல் மணலும் உப்புக் காற்றும் சேர்ந்து ஒரு செயினை எப்படித் தின்னும் என்று. உறைக்குள் இருந்தால் எண்ணெயும் காயாது, சேலையிலும் கறை படாது. கியர் பின் சில்லின் நடுக் குடத்துக்குள்ளே இருக்கிறது. ஏழு அல்லது எட்டு கியர் வரும். வெளியில் பல்சக்கர அடுக்கு இல்லாததால் மணல் ஏற இடமில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்த குணம், நின்ற இடத்திலேயே கியர் மாற்றலாம் என்பது. அனுராதபுரச் சந்தியில் பஸ்சுக்கும் ஓட்டோவுக்கும் நடுவில் சட்டென்று நிற்க வேண்டி வந்தால், மீண்டும் கிளம்பும்போது பாரமான கியரில் தடுமாறத் தேவையில்லை.

பிரேக்கும் பல சைக்கிள்களில் குடத்துக்குள்ளேதான். மாரி மழையிலும் பிடிப்பு மாறாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அங்கே வலது கைப்பிடி பின் சில்லுக்கு, இடது கைப்பிடி முன் சில்லுக்கு. சிலதில் பெடலைப் பின்னால் மிதித்தாலும் பிரேக் விழும். பழகும் வரைக்கும் சன நடமாட்டம் இல்லாத வீதியில் ஓட்டுங்கள்.

பின் சில்லோடு சேர்ந்த வட்டப் பூட்டு இருக்கிறது. திறந்திருக்கும்போது திறப்பு அதிலேயே இருக்கும், பூட்டினால்தான் கையோடு வரும். கடை வாசலில் வைத்துவிட்டுப் போக வசதி. இரவுக்கு அது போதாது, ஒரு சங்கிலியும் வேண்டும்.

குறை என்றால் பாரம். 25 கிலோ வரை வரும். வாசலில் நாலு படி இருக்கிற வீட்டுக்காரர் யோசிக்க வேண்டிய விஷயம். இறங்கித் தள்ளும்போது மெல்ல உருட்டிவிட ஒரு பொத்தான் சிலதில் இருக்கிறது. மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் கூடவே வரும்.

சரி, மோட்டருக்கு வருவோம். ஐரோப்பியச் சட்டப்படி இந்த வகைச் சைக்கிளின் மோட்டர் தொடர்ந்து தரும் வலு 250 வாற்றுக்கு மேல் போகக்கூடாது. மிதித்தால்தான் உதவி செய்யும். மணிக்கு 25 கிலோமீற்றரைத் தொட்டதும் உதவி நின்றுவிடும். அதற்கு மேல் போவது உங்கள் கால் பலம். எங்கள் வீதிகளில் தனிச் சைக்கிள் பாதை கிடையாது, நகருக்குள் மான்கள் வேறு குறுக்கே வரும். எனக்கு 25 தாராளம்.

வேகத்தை விட முக்கியம், மோட்டர் உங்கள் காலை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பது. விலை குறைந்தவற்றில் பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கும் உணரி இருக்கும். நீங்கள் மெல்ல மிதித்தாலும் அது முழுப் பலத்தோடு தள்ளும், நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளும். நல்லவற்றில் நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்பதை அளக்கும் உணரி இருக்கும். அழுத்தத்துக்கு ஏற்ற உதவி வரும். சந்தை வாசலில் சனத்துக்குள் மெல்ல ஊர்ந்து பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். மோட்டர் முன் சில்லில் இருந்தால் வீதியோர மணலில் அந்தச் சில்லு வழுக்கும். நிலாவெளி வீதியில் பஸ்சுக்கு ஒதுங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

நெதர்லாந்து தட்டையான நாடு, அங்கே எதற்கு மோட்டர் என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே ஏற்றம் இல்லை, எதிர்காற்று உண்டு. எங்களுக்கும் அதே கதைதான். கச்சான் வீசும் மாதங்களில் பகல் வெயிலில் சீனக்குடாப் பக்கம் மிதித்துப் பாருங்கள், வாடை நாட்களில் அங்கிருந்து நகரத்துக்குத் திரும்பிப் பாருங்கள். சைக்கிளை யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போலிருக்கும். அந்த நேரத்தில்தான் மோட்டரின் அருமை தெரியும்.

தூரக் கணக்கு இப்படி. பற்றரியில் 36 வோல்ட், 11 அம்பியர் மணி என்று எழுதியிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள், ஏறக்குறைய 400 வாற்று மணி. பற்றரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு அதுதான். தட்டையான வீதியில் நடுத்தர உதவியோடு ஒரு கிலோமீற்றருக்கு 8 முதல் 10 வாற்று மணி செலவாகும். ஆக 40 முதல் 50 கிலோமீற்றர். நகரத்திலிருந்து நிலாவெளிக்குப் போய்வர ஏறக்குறைய 30. புதிதில் தாராளமாகப் போதும். ஆண்டுகள் போய்ப் பற்றரியின் கொள்ளளவு 70 வீதத்துக்கு இறங்கும்போது அதே பற்றரி 28 முதல் 35 வரைதான் தரும். கடைசித் துண்டு வீதியில் நீங்கள் மோட்டர் இல்லாமல் மிதிக்க நேரலாம். அதனால்தான் அந்த முதல் சோதனையை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

முழுச் சார்ஜுக்கு அரை யூனிற் அளவு மின்சாரம்தான் போகும். செலவு மின்சாரத்தில் இல்லை, என்றோ ஒருநாள் மாற்ற வேண்டிய பற்றரியில்தான் இருக்கிறது. அதைத் தள்ளிப்போட முக்கிய வழி சூட்டிலிருந்து காப்பது. லிதியம் பற்றரியை 45 பாகை செல்சியசுக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது. எங்கள் ஊர்த் தகரக் கொட்டில் வைகாசி, ஆனியில் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டும். வெயிலில் ஓடி வந்த கையோடு செருகாதீர்கள். பற்றரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய், ஆறவிட்டு, உங்கள் கண் படும் இடத்தில் சார்ஜ் போடுங்கள். தூரப் பயணம் இல்லாத நாளில் 80 வீதத்தோடு நிறுத்திவிடலாம்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது வீட்டு மூலையில் கிடந்த சைக்கிளையெல்லாம் நாங்கள் துடைத்து எடுத்தோம். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது நெதர்லாந்திலும் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டார்கள். வாகனம் மோதிப் பிள்ளைகள் இறப்பதை எதிர்த்துப் பெற்றோரும் அந்தக் காலத்தில்தான் வீதிக்கு இறங்கினார்கள். பிறகு அங்கே சைக்கிள் பாதைகள் பெருகின. எங்கள் சைக்கிள்களோ பெற்றோல் வந்ததும் மீண்டும் மூலைக்குப் போயின. எனக்கு அது இன்னும் மனத்தாங்கலாகவே இருக்கிறது.

இனித் திருத்த வேலை. போனில் செயலி இருந்தால்தான் முழுதாக இயங்கும் சைக்கிளை வாங்காதீர்கள். அம்ஸ்டர்டாமைச் சேர்ந்த வான்மூஃப் என்ற மின் சைக்கிள் நிறுவனம் 2023 ஜூலையில் வங்குரோத்தானபோது, செயலி நின்றுபோனால் தங்கள் சைக்கிளைத் திறக்க முடியுமா என்று வாங்கியவர்கள் தவித்தார்கள். உதிரிப்பாகங்களும் அந்த நிறுவனத்துக்கே உரியவையாக இருந்தன, வேறு கடையில் கிடைக்கவில்லை. திறப்பும் சாதாரணப் பொத்தானும் உள்ளதே எங்களுக்குச் சரி.

காற்றுப் போனால் பயப்பட வேண்டாம். செயின் உறையும் கியர்க் குடமும் இருப்பதால் பின் சில்லைக் கழற்றுவது பெரிய வேலைதான். ஆனால் கழற்றத் தேவையில்லை. எங்கள் சைக்கிள் கடைக்காரர் செய்வது போலவே ரயரின் ஒரு பக்கத்தை நெம்பி, ரியூபை வெளியே இழுத்து, தண்ணீர்ச் சட்டியில் குமிழி பார்த்து ஒட்டுப் போடலாம். ரயரே மாற்ற வேண்டி வந்தால்தான் சிக்கல். இந்தச் சைக்கிளும் 28 அங்குலம், எங்கள் பழைய பெரிய சைக்கிளும் 28 அங்குலம். ஆனால் ரயரின் பக்கத்தில் பாருங்கள், இதில் 622 என்றும் அதில் 635 என்றும் இருக்கும். விட்டத்தில் 13 மில்லிமீற்றர் வித்தியாசம், ஒன்று மற்றதற்குப் பொருந்தவே பொருந்தாது. வாங்கும்போதே ஒரு ரயரும் இரண்டு ரியூபும் சேர்த்து எடுத்து, வெயில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருவதென்றால் சார்ஜரையும் பாருங்கள். மின்னழுத்தம் நெதர்லாந்திலும் இங்கேயும் 230 வோல்ட், அதில் பிரச்சினை இல்லை. பிளக்கின் முனைதான் வேறு, அதற்கு ஒரு நல்ல மாற்றி வாங்கினால் போதும்.

வணக்கம்.