நாலரை லட்சத்தில் நம்முடையது எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் விடியற்காலை பெங்களூரு வண்டிக்கு நிற்கும் கூட்டத்தில் என் தம்பியும் பன்னிரண்டு வருஷம் நின்றிருக்கிறான். பெரிய சில்லறை விற்பனை நிறுவனம் ஒன்றின் அலுவலகத்தில் வேலை. போன வருஷம் ஒருநாள் மதியம் கூப்பிட்டுக் கடிதம் கொடுத்தார்கள். நிர்வாகத்தை மாற்றி அமைக்கிறோம், விருப்பமுள்ளவர்கள் விலகிக்கொள்ளலாம், மொத்தம் நாலரை லட்சம். அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு, “நாலரை லட்சம் தர்றாங்கண்ணா” என்று போனில் சொன்னான்.

நான் இருபது வருஷமாகச் சம்பளக் கணக்குப் பார்க்கிறவன். அந்தக் கடிதத்தை வாங்கிப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து அவனுக்கு மாதம் 20,800 ரூபாய். கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலை பார்த்த வருஷங்களுக்காக விலகும்போது தரும் பணிக்கொடைக்கு, அதை 26ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 800. வருஷத்துக்கு 15 நாள் வீதம் 12,000. பன்னிரண்டு வருஷத்துக்கு 1,44,000. எடுக்காத விடுப்பு 45 நாளுக்கு 36,000. இந்த 1,80,000 ரூபாய் அவன் ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்தது. சாதாரணமாக ராஜினாமா செய்திருந்தாலும் வந்திருக்கும். அவன் வேலையை விடுவதற்காக நிறுவனம் கொடுத்தது 2,70,000 மட்டும்தான். கடிதத்தில் இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகப் போட்டிருந்தார்கள்.

அதனால் இப்படிக் கடிதம் வந்தால், தொகையைத் தலைப்பு வாரியாகப் பிரித்து எழுத்தில் கேளுங்கள். கிராஜுவிட்டி எவ்வளவு, விடுப்புப் பணம் எவ்வளவு, விலகுவதற்கு எவ்வளவு? வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று நாலு நாள் அவகாசமும் கேளுங்கள். ஆட்குறைப்பு என்று நிறுவனமே அனுப்பினால் நோட்டீஸும் இழப்பீடும் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விருப்பத்தோடு விலகுவது ஆட்குறைப்பில் சேராது. நீங்கள் போடும் கையெழுத்துக்கு அவ்வளவு கனம் உண்டு.

அப்புறம் பி.எஃப். பத்து வருஷ சர்வீஸ் நிறையாதவர்கள், குறிப்பாகச் சின்ன வயசுப் பிள்ளைகள், பென்ஷன் பகுதியையும் சேர்த்து எடுத்துவிடுகிறார்கள். எடுத்தால் அந்தச் சர்வீஸ் அதோடு போச்சு. அந்தப் பணத்தை எடுக்கக் கொடுக்கும் அதே படிவம் 10சி-யில், பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் (இத்தனை வருஷ சர்வீஸ் என்று காட்டும் சான்று) கேட்கலாம். அடுத்த கம்பெனியில் சேர்ந்ததும் பழைய வருஷங்கள் புது சர்வீஸோடு கூடும். மொத்தம் பத்து நிறைந்தால் 58 வயதில் மாதாமாதம் பென்ஷன் வரும். ஏழு, எட்டு வருஷ சர்வீஸை இப்படித் தொலைத்துவிட்டு வந்தவர்களைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

தம்பி வந்த பணத்தில் மாந்தோப்பில் போர் போட்டான். 1,200 அடி போயும் புழுதிதான் பறந்தது. இப்போது ஓசூரில் ஒரு கிடங்கில் இருப்புக் கணக்குப் பார்க்கிறான். சம்பளம் பழையதைவிடக் குறைவு. அவனோடு கடிதம் வாங்கிய இன்னொரு பையன் கையெழுத்துப் போடாமல் அதை என்னிடம் கொண்டுவந்தான். இரண்டு பேரும் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம். தொகையைப் பிரித்துக் கேட்டு அவன் எழுதிக் கொடுத்திருக்கிறான். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

நன்றி, வணக்கம்.