உலையும் சட்டமும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

நாட்டைக் காப்பது வலுவான தலைவரே என்று வாதிட்ட எதிரணி நண்பர், "அரசியலமைப்புப் புத்தகத்தை உலையில் போட்டால் சோறு வேகுமா?" என்று கேட்டார், நீங்களும் கைதட்டினீர்கள். நாட்டைக் காப்பது சட்டமே என்று பேச வந்த நான், அந்தக் கேள்விக்கே பதில் சொல்கிறேன்.

2018 ஒக்டோபர் 26 அன்று இலங்கை ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பாராளுமன்றத்தில் பெரும்பான்மை யாருக்கு என்று பார்க்காமலேயே, ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். பெரும்பான்மை சேராது என்று தெரிந்ததும் நவம்பர் 9 அன்று ஒரு அரச வர்த்தமானி அறிவித்தலால் சபையையே கலைத்தார். சபை முதன்முதல் கூடி நாலரை ஆண்டு ஆகும்வரை, மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானித்துக் கேட்டாலன்றி, கலைக்கலாகாது என்று அன்று நடைமுறையில் இருந்த அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் சொன்னது. அன்றைக்கு மூன்றேகால் ஆண்டுகூட நிரம்பவில்லை. உயர் நீதிமன்றம் 13ஆம் திகதி இடைக்காலத் தடை விதித்தது.

16ஆம் திகதி சபையில் நடந்ததைக் கேளுங்கள். சபாநாயகரின் ஆசனத்தில் வேறொருவர் ஏறி அமர்ந்திருக்க, கரு ஜயசூரிய பொலிசாரின் அரணுக்குள் நடந்து வந்தார். புத்தகங்கள் பறந்தன, கதிரைகள் பறந்தன, மிளகாய்த்தூள் பறந்தது. மறுபடியும் சொல்கிறேன், மிளகாய்த்தூள்! அம்மியடியிலும் அடுப்படியிலும் இருக்கவேண்டிய பொருள், கடமைக்கு வந்த பொலிஸ்காரரின் கண்ணை எரித்தது. உலையைப் பற்றிப் பேசிய நண்பரே, சட்டத்தை மீறிய அதிகாரம் அடுப்படியிலிருந்து எடுத்து வந்தது இதைத்தான். அத்தனைக்கும் நடுவே, தம் ஆசனத்தில் அமர முடியாமலே, சபாநாயகர் மகிந்த மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்குக் குரல் வாக்கெடுப்பை நடத்தி முடித்தார். டிசம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைப்புச் செல்லாது என்றார்கள்.

அந்த வழக்கு யார் பெயரில் நிற்கிறது தெரியுமா? அன்று 85 வயதாயிருந்த, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவர் இராஜவரோதயம் சம்பந்தன் பெயரில். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தால், அமைச்சரின் கையெழுத்தாலேயே, மும்மூன்று மாதமாக நீட்டி, 18 மாதம்வரை அடைத்துவைக்கப்படக்கூடியதாய் அன்று இருந்த ஒரு இனத்தின் முதியவர், தம்மவருக்கு எட்டாத நீதியை முழுத் தீவுக்கும் கேட்டு நீதிமன்றப் படியேறினார். அதை நினைக்கும்போது, நடுவர் அவர்களே, எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஏனென்றால், என் அண்ணாவைப் பிடித்துச் சென்ற காலத்தில், அம்மா மூன்று மாதம் நாள்தோறும் வாழையிலையில் சோறு கட்டிக்கொண்டு ஒரு முகாம் வாசலில் நின்றார். உள்ளே பிள்ளை இருக்கிறானா என்ற கேள்விக்குக்கூட எவரும் வாய்திறக்கவில்லை. பின்னேரம் திரும்பி வந்து, புளித்த சோற்றை முற்றத்துக் கோழிகளுக்குக் கொட்டிவிட்டு, மறுநாளைக்கு அரிசி களைவார். எங்கள் வீட்டில் உலை ஒருநாளும் ஓயவில்லை, நண்பரே. அந்தச் சோற்றை உண்ண வேண்டியவரை வெளியே கொண்டுவா என்று சொல்ல ஒரு நீதவானின் கட்டளைதான் எங்களுக்குக் கிடைக்கவில்லை.